இறக்கைக்கு ஈடு வீட்டுப் பத்திரம்

காரவள்ளியில் ஆரம்பித்து கொல்லிமலைக்கு ஏறுகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதி வைத்திருப்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் இருபது வரைக்கும் உற்சாகமாக எண்ணுவார்கள். நாற்பதில் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்கள். அறுபதில் குலதெய்வத்தை. நம்ம கவர்மென்ட் பஸ் டிரைவர் மட்டும், பக்கத்து சீட்டுக்காரரோடு மரவள்ளிக்கிழங்கு விலையைப் பேசிக்கொண்டே, ஸ்டியரிங்கை இப்படி ஒரு சுழற்று அப்படி ஒரு சுழற்று சுழற்றி, அறுபது பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய் செம்மேட்டில் இறக்கிவிடுவார்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘அண்ணே, இந்த வேலைக்குச் சேர்றப்போ உங்ககிட்ட வீட்டுப் பத்திரத்தைக் கேட்டாங்களா?’

சிரிப்பார். ‘என்ன தம்பி, மலை ஏறினதுல தலை சுத்துதா?’ என்பார்.

விமானம் ஓட்டப்போகிற பையனிடம் கேட்கிறார்கள் சார். நேரடியாக அல்ல; சுற்றி வளைத்து. அந்தச் சுற்றில் எத்தனை வளைவு என்று எண்ணத்தான் இந்த வாரக் கட்டுரை.

சோளக்காட்டுக்குப் பக்கத்தில் மிளகும் காபியும் போட்டிருக்கும் ஒரு வாசகர் போனில் பேசினார். அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் சொந்த வீடு. ஒரே பையன், ப்ளஸ் டூவில் இயற்பியல், கணிதம் எல்லாம் நன்றாகவே வாங்கியிருக்கிறான். ‘சார், இன்ஜினீயரிங் படிச்சவன் எல்லாம் ஊர்ல சும்மா சுத்துறான். பையன் பைலட் ஆகணும்கிறான். ஏர்லைன்ஸ்காரங்களே நடத்துற ட்ரெய்னிங் சார். முடிச்சா அவங்ககிட்டயே வேலை. ஒரு கோடிக்கு மேல ஆகுது. வீட்டை ஈடு வெச்சா பேங்க்ல லோன் தர்றாங்க. போடலாமா?’

‘போடலாமா’ என்றார் பாருங்கள். சீட்டு போடலாமா, நிலத்தில் போடலாமா என்று கேட்கிற அதே ‘போடலாமா’. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். இது படிப்பு விஷயம் இல்லை, முதலீட்டு விஷயம். பி.காம் படித்தவன் நான். விமானம் எப்படிப் பறக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். பணம் எப்படிப் பறக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் சொல்லத் தெரியும்.

முதலில் ஒரு திருத்தம். ‘ஏர்லைன்ஸ்காரங்களே நடத்துற’ பள்ளி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பலவும் அவர்கள் நடத்துவது இல்லை. பள்ளி ஒரு கம்பெனி. விமான நிறுவனம் வேறு கம்பெனி. ‘கேடட் பைலட் திட்டம்’ என்ற பெயரில் இரண்டும் கைகோத்திருக்கும். நிறுவனம் தேர்வு வைத்து ஆள் எடுக்கும், பள்ளி சொல்லிக்கொடுக்கும். இண்டிகோவுக்கு இப்படி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல பள்ளிகளோடு கூட்டு உண்டு. ஏர் இந்தியா ஒரு படி மேலே போய், மகாராஷ்டிராவின் அமராவதியில் தானே பள்ளி கட்டப்போவதாக 2024-ல் அறிவித்தது. ஆண்டுக்கு 180 விமானிகள் இலக்கு. 34 பயிற்சி விமானங்களுக்கு ஆர்டரும் கொடுத்தது.

நல்ல விஷயம்தான். பள்ளி யாருடையது என்பது எனக்குப் பிரச்னை இல்லை. கையெழுத்து யாருடையது? அதுதான் கேள்வி.

பணம் கட்டுவது நீங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. வீட்டுப் பத்திரம் உங்களுடையது. பையனுக்கு உடம்பில் ஏதாவது கோளாறு வந்து மெடிக்கல் சான்றிதழ் போனால் நஷ்டம் உங்களுடையது. விமான நிறுவனத்தின் கையெழுத்து எங்கே இருக்கிறது? ஒரு கடிதத்தில் இருக்கிறது. ‘பயிற்சியை வெற்றிகரமாக முடித்தால், நிறுவனத்தின் அப்போதைய தேவைக்கு உட்பட்டு, வேலைக்குப் பரிசீலிக்கப்படும்’ என்கிற பாணியில் ஒரு கடிதம். அதில் ‘தேவைக்கு உட்பட்டு’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறதே, அதன் எடை ஒரு கோடி ரூபாய்.

பெண் பார்க்க வருவார்கள். கேசரி, பஜ்ஜி சாப்பிடுவார்கள். ‘ஊருக்குப் போய் கடுதாசி போடறோம்’ என்று எழுந்துகொள்வார்கள். அந்த வார்த்தையை நம்பிக் கல்யாண மண்டபத்துக்கு யாராவது முழுப்பணம் கட்டுவார்களா? இங்கே கட்டுகிறோம்.

இப்போது கணக்கு. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டு இல்லாத ஒரு சாதாரணப் பள்ளியில், உள்நாட்டில், வணிக விமானி உரிமம் வாங்க ஐம்பது, அறுபது லட்சம் ஆகும். 200 மணி நேரம் பறக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுத வேண்டும். உரிமம் வாங்கினாலும் உடனே ஏர்பஸ்ஸில் உட்கார முடியாது. எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறீர்களோ அதற்கென்று தனிப் பயிற்சி. ‘டைப் ரேட்டிங்’ என்பார்கள். அதற்குப் பதினைந்திலிருந்து இருபது லட்சம். ஆக மொத்தம் எழுபது, எண்பது லட்சம். கேடட் திட்டத்தில் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இருபது, முப்பது லட்சம். எதற்கு அது? பயிற்சி கொஞ்சம் ஒழுங்காக, சொன்ன தேதிக்குள் முடியும் என்பது ஒன்று. வரிசையில் முன்னால் நிற்க ஒரு டோக்கன் என்பது இன்னொன்று.

அந்த ஒரு கோடியை மட்டும் கடனாக எடுப்போம். வட்டி 11 சதவிகிதம். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றாலே வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும், கொடுத்துவிட்டோம். பயிற்சி நடக்கும் காலத்தில் தவணை கிடையாது, ஆனால் வட்டி தூங்காது. பையன் வேலையில் சேரும்போது பாக்கி சுமார் ஒரு கோடியே பதினைந்து லட்சமாக வளர்ந்து நிற்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை 1 லட்சத்து 58 ஆயிரம்.

சம்பளம்? புதிதாகச் சேர்ந்த துணை விமானிக்கு மாதம் இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். வருமான வரி போகக் கையில் ஒன்றே முக்கால் லட்சம். தவணை போக மிச்சம் சுமார் 17 ஆயிரம்.

பதினேழாயிரம் சார்! டெல்லியிலோ மும்பையிலோ வாடகை கொடுத்து, சாப்பிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொள்ள. வானத்தில் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறக்கிறவன், தரையில் இறங்கினால் மாதக் கடைசியில் அப்பாவுக்குத்தான் போன் போடுவான்.

பதினைந்து வருடத் தவணையாக மாற்றினால் மாதம் 1 லட்சத்து 31 ஆயிரமாகக் குறையும். மொத்தமாகக் கட்டுவது 2 கோடியே 35 லட்சமாக ஏறும்.

‘கேப்டன் ஆனால் சம்பளம் பல லட்சமாச்சே?’ என்பீர்கள். உண்மை. அதை மறைத்து எழுதினால் நான் மோசடிக்காரன். கேப்டன் ஆகிவிட்டால் இந்தக் கடன் எல்லாம் தூசு. ஆனால், கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அப்புறம் நிறுவனத்தில் காலியிடம் வர வேண்டும், தேர்வு, பயிற்சி எல்லாம் முடிய வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து நான்கைந்து வருடமாவது பிடிக்கும், கூடவும் பிடிக்கலாம். அந்த வருடங்களைக் குடும்பம் தாங்குமா என்பதுதான் கேள்வி. முதல் சம்பளமே இரண்டு வருடம் தள்ளி வந்தால்? தள்ளி வந்த கதைகள் ஏராளம், சொல்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் யார்? லாரி ஃபைனான்ஸ் கணக்கைக் கரைத்துக் குடித்தவர்கள். நாற்பது லட்சத்துக்கு லாரி வாங்கினால், ஃபைனான்ஸ்காரன் ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயரை ஏற்றிக்கொள்வான். டியூ கட்டவில்லையா, வண்டியை ‘சீஸ்’ பண்ணிக்கொண்டு போய்விடுவான். அவமானம்தான், நஷ்டம்தான். ஆனால் போவது லாரி. வீடு நிற்கும். அந்த வண்டிக்கு ஒரு மார்க்கெட் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் விற்கலாம்.

விமானி உரிமத்தை என்ன செய்வான் ஃபைனான்ஸ்காரன்? சீஸ் பண்ணிக்கொண்டு போய் அவன் ஓட்டுவானா? விற்க முடியாது, மாற்ற முடியாது. அதுமட்டுமா, ஓட்டாமல் வைத்திருந்தால் காலாவதி ஆகும்; புதுப்பிக்க மறுபடி செலவு. சும்மா நிற்கிற லாரிக்காவது தார்ப்பாய் போட்டு மூடலாம். அதனால்தான் வங்கி உரிமத்தைப் பார்ப்பதே இல்லை. வீட்டைப் பார்க்கிறது.

அடுத்து, விளம்பரங்களில் தவறாமல் வரும் ஒரு எண். ‘இந்தியாவுக்கு 30,000 விமானிகள் தேவை!’

ஆமாம், மத்திய அமைச்சரே 2025-ல் சொன்னதுதான். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தின் பின்பாதியை விளம்பரக்காரர்கள் சௌகரியமாக விழுங்கிவிடுகிறார்கள். அடுத்த 15-20 வருடங்களில் 30,000 பேர். வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 1,500-லிருந்து 2,000 பேர். சரி, நாம் வருடத்துக்கு எத்தனை பேருக்கு வணிக விமானி உரிமம் கொடுக்கிறோம்? 2022-ல் 1,165. 2023-ல் 1,622. ஆக, தேவைக்கு அருகில் ஏற்கெனவே வந்துவிட்டோம். இன்னும் புதுப் பள்ளிகள் வருகின்றன. நமக்குப் பக்கத்தில் சேலம் விமான நிலையத்திலேயே பயிற்சிப் பள்ளிக்கு 2022-ல் இடம் ஒதுக்கினார்கள். நார்த்தாமலைப் பக்கம் நெடுஞ்சாலையில் 2025 நவம்பரில் ஒரு குட்டி விமானம் அவசரமாக இறங்கி நின்றதே, அது சேலத்திலிருந்து கிளம்பியதுதான். நல்லவேளை, யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

இருபது வருடத்தில் வரப்போகிற மொத்தப் பசியையும் இன்றைக்கே ஒரே இலையில் பரிமாறுவதுபோல் காட்டுவதற்குப் பெயர் விளம்பரம். இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கும் இதே மாதிரிதானே ஒரு காலத்தில் எண் சொன்னார்கள்? நாமக்கல், ராசிபுரம் ஹாஸ்டல் பள்ளிகளில் லட்சக்கணக்கில் கட்டி, பையனை இரண்டு வருடம் மனப்பாடம் செய்யவைத்து அனுப்பிய பெற்றோருக்கு அந்த எண்களின் முடிவு என்ன ஆனது என்று தெரியும். இங்கே கூடுதலாக ஒரு சைபர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தள்ளி வந்த கதைகளுக்கு வருகிறேன். விமானத் தொழில் இந்தியாவில் எப்படி நடக்கிறது என்பதற்கு நம் ஞாபகமே சாட்சி. 2003-ல் ஏர் டெக்கான் வந்தது. சாமானியனும் பறக்கலாம் என்றது. 2005-ல் கிங்ஃபிஷர். நம் தமிழ்நாட்டிலிருந்தே பாரமவுன்ட். எங்கே பார்த்தாலும் பைலட் ஆசை. பள்ளிகள் முளைத்தன. பணத்தைக் கட்டி, உரிமம் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வெளியே வந்தபோது 2008-ன் சரிவு காத்திருந்தது. ஏர் டெக்கான் கிங்ஃபிஷருக்குள் கரைந்தது. பாரமவுன்ட் 2010-ல் நின்றது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. உரிமம் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேலை தேடியவர்கள், கால் சென்டரில் உட்கார்ந்தவர்கள், அப்பாவின் கடையைப் பார்க்கப் போனவர்கள் என்று ஒரு தலைமுறையே உண்டு. 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி விமானி உரிமம் வாங்கியவர்கள் கைதானது நினைவிருக்கிறதா? குற்றத்துக்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை. கடனும் அவசரமும் சேர்ந்தால் மனிதர்கள் எந்தச் சந்தில் நுழைவார்கள் என்பதற்குச் சொல்கிறேன்.

அது கூட்டு இல்லாத காலம் என்பீர்கள். சரி, கூட்டு உள்ள கதை. ஜெட் ஏர்வேஸ். 25 வருடப் பாரம்பரியம். அவர்களும் கேடட் திட்டம் நடத்தினார்கள்; வெளிநாட்டுப் பயிற்சி, பெரிய பெயர், கோடி ரூபாய்க்கு நெருக்கமான கட்டணம். 2019 ஏப்ரல் 17 இரவோடு ஜெட் பறப்பதை நிறுத்தியது. பாதிப் பயிற்சியில் இருந்தவர்கள், முடித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடிதம் இருக்கிறது, கடிதம் கொடுத்தவர் இல்லை. அடுத்த வருடமே கொரோனா வந்தது. இரண்டு மாதம் நாட்டில் பயணிகள் விமானமே பறக்கவில்லை. பிறகு 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அனுபவமுள்ள விமானிகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தார்கள். வாசலில் அனுபவஸ்தர் நிற்கும்போது புதுப் பையனை யார் கூப்பிடுவார்கள்?

கவனித்தீர்களா? மார்க்கெட் நன்றாக இருக்கும்போது டோக்கன் இல்லாதவனுக்கும் வேலை கிடைக்கிறது. மார்க்கெட் படுத்துவிட்டால் டோக்கன் வைத்திருப்பவனுக்கும் கிடைப்பதில்லை. அப்படியானால் அந்த இருபது, முப்பது லட்சம் கூடுதல் பணம் எதற்கான காப்பீடு? வீட்டில் தீ பிடிக்கிற அன்றைக்கு மட்டும் செல்லாத தீ இன்ஷூரன்ஸ்.

‘என்ன சார் இப்படிச் சொல்றீங்க? 2025 டிசம்பர்ல விமானி பத்தாம இண்டிகோ ஆயிரக்கணக்குல விமானத்தை ரத்து பண்ணலையா? பற்றாக்குறை இருக்கே!’ என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக வேண்டும், இரவு இறக்கங்களைக் குறைக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியிலேயே வெளிவந்துவிட்டது. முழுதாக அமலுக்கு வந்தது 2025 நவம்பரில். கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம். அந்த அவகாசத்தில் போதுமான ஆளை எடுக்காமல் கையை இறுக்கிப் பிடித்ததுதான் காரணம் என்று விமானிகள் சங்கமே குற்றம்சாட்டியது. நாட்டில் உரிமம் வைத்துக்கொண்டு வேலை தேடும் பிள்ளைகள் இல்லாமலா போனார்கள்?

நிறுவனத்தைப் பொறுத்தவரை விமானி என்பவர் செலவுக் கணக்கு. எத்தனை குறைவாக வைத்துக்கொண்டு ஓட்ட முடியுமோ அத்தனை லாபம். பள்ளியைப் பொறுத்தவரை மாணவர் என்பவர் வரவுக் கணக்கு. எத்தனை அதிகமாகச் சேர்க்க முடியுமோ அத்தனை லாபம். ஒரே பையன் இந்தப் பேரேட்டில் வரவு, அந்தப் பேரேட்டில் செலவு. அதனால் பள்ளி வாசல் எப்போதும் அகலமாகவும், வேலை வாசல் எப்போதும் குறுகலாகவும்தான் இருக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை சார். கணக்கு அப்படி.

கேடட் திட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரில் முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்தது. 35 பள்ளிகளில் ‘ஏ’ வரிசையில் ஒன்றுகூட இல்லை. ‘பி’யில் 13. மீதி 22-ம் ‘சி’. இந்த லட்சணத்தில், ஒரு விமான நிறுவனம் தன் பெயரைப் பணயம் வைத்துப் பள்ளியைக் கண்காணிக்கிறது என்றால் அதற்கு மதிப்பு உண்டுதான். தனியாகச் சேர்ந்த பையன்கள் விமானம் ரிப்பேர், பயிற்றுநர் ராஜினாமா, மழை, பனி என்று ஒன்றரை வருடப் படிப்பை மூன்று வருடம் படித்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். நிறுவனத்தின் தேர்வில் ஆரம்பத்திலேயே வடிகட்டுவதும் ஒரு வகையில் நல்லதே. இந்தத் தொழிலுக்குப் பொருந்தாதவனிடம் பாதி வழியில் சொல்வதைவிட வாசலிலேயே சொல்லிவிடுவது புண்ணியம்.

வீடு இரண்டு இருக்கிறது, ஒன்று போனாலும் கவலையில்லை என்பவர்கள் தாராளமாகச் சேருங்கள். நான் பேசுவது ஒரே வீடு இருப்பவர்களிடம்.

உலகம் முழுக்க இப்படித்தானே என்று கேட்காதீர்கள். இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் கேடட்களுக்குத் தானே செலவழித்துப் பயிற்சி கொடுக்கிறது. பதிலுக்கு இத்தனை வருடம் எங்களிடம்தான் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. நியாயமான பேரம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-ல் ஒரு திட்டம் அறிவித்தது. ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்டு ஆகும் பயிற்சிச் செலவு முழுவதும் நிறுவனத்துடையது. நம் காசுக்கு ஒரு கோடிக்கு மேல். அதே ஒரு கோடி! அங்கே நிறுவனத்தின் பாக்கெட்டிலிருந்து, இங்கே சேந்தமங்கலத்து வீட்டிலிருந்து. காரணமாக அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே விமானி ஆகும் நிலை மாற வேண்டும் என்பது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான் 2024 நவம்பர் முதல் நம்ம ஏர் இந்தியாவில் 25.1 சதவிகிதப் பங்குதாரர். அங்கே பழகிய பழக்கத்தில் கால்வாசியாவது இங்கேயும் கொண்டுவரலாமே?

அவ்வளவு பெரிய மனசு வேண்டாம். நான் கேட்பது மூன்றே விஷயம். விமான நிறுவனம் அந்தக் கல்விக் கடனுக்குத் தானும் ஒரு ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். கட்டணத்தை மொத்தமாகப் பள்ளியின் கல்லாவில் போடாமல், வங்கியில் தனிக் கணக்கில் வைத்து, பறந்த மணி நேரத்துக்கு ஏற்ப மட்டும் பள்ளி எடுத்துக்கொள்ளட்டும். பள்ளியோ நிறுவனமோ நடுவில் கடையை மூடினால் மிச்சப் பணம் மாணவனுக்குத் திரும்ப வரும். பயிற்சி முடித்து ஆறு மாதத்தில் வேலை தராவிட்டால் தவணையை நிறுவனம் கட்டட்டும். ‘உன்மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது’ என்று கடிதம் எழுதுகிறார்கள் அல்லவா, அந்த நம்பிக்கைக்கு விலை போட்டுக் காட்டட்டும். டி.ஜி.சி.ஏ. நினைத்தால் இவற்றை ஒரு சுற்றறிக்கையில் கட்டாயமாக்கலாம். பள்ளியின் ஓடுபாதை நீளம் முதல் தீயணைப்பு வாளி வரை விதி போடுகிறவர்கள், மாணவன் கட்டும் கோடி ரூபாய்க்கு ஒரு விதி போடக்கூடாதா?

அதுவரைக்கும்? மிளகுத் தோட்டத்துக்காரரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் பையனுக்கு டி.ஜி.சி.ஏ. மெடிக்கல் எடுத்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. கண், காது, இதயத்தில் சிக்கல் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். அடுத்து, எழுத்துத் தேர்வுகள். வானிலை, வழிகண்டறிதல், விமான விதிகள். இவற்றை வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். இரண்டு, மூன்று தாள்களைப் பாஸ் செய்து காட்டினால் அது நிஜமான ஆசை. இல்லையென்றால் அது சினிமா பார்த்து வந்த ஆசை, வீடு பிழைத்தது. பக்கத்தில் ஏதாவது ஒரு டிகிரியும் போட்டுவைக்கச் சொல்லுங்கள், அஞ்சல் வழியிலாவது. கடிதத்தை வக்கீலிடம் காட்டுங்கள். ‘வேலை’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது, ‘உட்பட்டு’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினாலே போதும்.

காசே வாங்காமல், கையில் சம்பளமும் கொடுத்து, ஜெட் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற இடம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. விமானப் படை. ப்ளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்தவர்கள் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம், 2022 முதல் பெண்களும் அங்கே சேருகிறார்கள். ‘ஐயோ, மிலிட்டரியா!’ என்று அம்மாக்கள் பதறுவார்கள். ஒரு கோடி கடனுக்கு ஏனோ அந்தப் பதற்றம் வருவதில்லை.

இன்னொரு இடம், உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச். ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது ஆரம்பித்த இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி. மத்திய அரசு நிறுவனம். கட்டணம் 45 லட்சம் அளவில், கேடட் திட்டத்தில் பாதிகூட இல்லை. அகில இந்திய நுழைவுத் தேர்வு. இட ஒதுக்கீடு உண்டு. பழங்குடியினருக்கும் உண்டு.

கொல்லிமலையில் பதினான்கு நாடுகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்ப் பெயர்களே ஒரு சாம்ராஜ்யம் மாதிரி இருக்கும். அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். சாமையும் தினையும் மரவள்ளியும் போட்டு, அன்னாசியையும் பலாவையும் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுவரும் ஜனங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தில், மருத்துவம், பொறியியலோடு ஒரே பிரிவில் விமானி உரிமப் பயிற்சியையும் வைத்திருந்தார்கள். எத்தனை தலைமை ஆசிரியர்களுக்கு இது தெரியும்? எத்தனை கலெக்டர் அலுவலக அறிவிப்புப் பலகைகளில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

கேடட் திட்டத்துக்கான கருத்தரங்குகள் ஏசி ஹோட்டல்களில் நடக்கின்றன. டையும் கோட்டும் போட்டவர்கள் வந்து வீடு வைத்திருப்பவர்களிடம் பேசுகிறார்கள். செம்மேட்டு ஸ்கூலுக்கு யாராவது வந்து ஃபர்சத்கஞ்ச் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினார்களா என்று அந்த மலையில் விசாரித்தேன். ‘பேங்க்காரங்க வந்திருக்காங்க சார், சிட்டு ஃபண்டுகாரங்க வந்திருக்காங்க’ என்றார் ஒரு டீக்கடைக்காரர். ‘இவங்க யாரும் வரலை.’